எல்-செரின் தூள் 100 கிராம்: சரக்கு சுத்தம், லேபிள்தான் சரியில்லை

ஆன்லைனில் இந்த டப்பாவை வாங்கி ஏழு வாரம் ஆகிறது, உள்ளே இருப்பது செரின், புரதங்களை ஆக்கும் அமினோ அமிலங்களில் ஒன்று. எனக்காக வாங்கவில்லை, 68 வயது அம்மாவுக்காக. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோகிறார், பேத்தியை என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், கேட்டதையே திரும்பக் கேட்கிறார் என்று நான் பயந்துபோயிருந்த நேரத்தில் "நினைவாற்றலுக்கு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த இது கண்ணில் பட்டது. விலை 1,150 ரூபாய்.

முதலில் தூள். வெள்ளை வெளேரென்று பொடிச் சர்க்கரை மாதிரி இருக்கிறது, வாசனை எதுவும் இல்லை, தண்ணீரில் போட்டால் கட்டி தட்டாமல் கரைந்துவிடுகிறது. லேசாக இனிக்கும், அது செரினின் சொந்தச் சுவை, எதையும் சேர்க்கவில்லை. அம்மா முகம் சுளிக்காமல் குடித்தார். கூடவே வந்த ஸ்கூப்பில் பத்து முறை அள்ளி சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 10 கிராமுக்குச் சற்று மேலே காட்டியது, ஆக ஒரு ஸ்கூப் ஒரு கிராம் என்பது சரிதான்.

பரிசோதனை அறிக்கை கேட்டு மெயில் போட்டேன், இரண்டு நாளில் அனுப்பினார்கள். அதில் நான் தேடியது ஒளிச்சுழற்சி அளவை, அதாவது கரைசல் ஒளியின் தளத்தை எந்தப் பக்கம், எத்தனை டிகிரி திருப்புகிறது என்பதை. செரின் இடது கை, வலது கை மாதிரி எல், டி என்று இரண்டு வடிவத்தில் உண்டு, இரண்டும் ஒளியை எதிரெதிர்ப் பக்கம் திருப்பும், நம் புரதங்களில் இருப்பது எல் மட்டுமே. டி வடிவத்தை மூளையே ஒரு நொதியை வைத்து எல்-இலிருந்து தயாரித்துக்கொள்கிறது, நினைவோடு தொடர்புள்ள, நரம்பு செல்களில் சைகையை வாங்கும் என்எம்டிஏ ஏற்பிகள் வேலை செய்ய அது வேண்டும். ஆனால் அதையே எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது சிறுநீரகம் கெட்டது. அறிக்கையில் அளவு +15 டிகிரியை ஒட்டி இருந்தது, எல்-செரினுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்குக் கொடுத்தேன்.

இனி லேபிள். "உடலால் தயாரிக்க முடியாத அத்தியாவசிய அமினோ அமிலம்" என்று அச்சடித்திருக்கிறார்கள், இது தப்பு. குளுக்கோஸ் உடையும் பாதையில் வரும் 3-பாஸ்போகிளிசரேட்டை எடுத்து மூன்றே நொதிகளில் உடம்பு செரினைச் செய்துகொள்கிறது, கிளைசினிலிருந்தும் செய்கிறது. போதாததற்கு 100 கிராம் வேர்க்கடலையிலேயே 1.2 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறது, முட்டை, பால், பருப்பு எல்லாவற்றிலும் உண்டு. அந்த மூன்று நொதிகளில் ஒன்று பிறவியிலேயே பழுதான குழந்தைகள் மிக அரிதாக இருக்கிறார்கள், தலை சிறுத்து, வலிப்பு வந்து துன்பப்படுவார்கள். அவர்களுக்கு டாக்டர்கள் உடல் எடையில் கிலோவுக்கு 500 மில்லிகிராம் என்ற கணக்கில் கூட தினமும் செரின் கொடுக்கிறார்கள், அங்கே இது உயிர் காக்கிற மருந்து. அப்படிப்பட்ட ஒன்றை "பரீட்சை நேரத்துக்கு ஏற்றது" என்று விற்பதைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது.

அப்புறம் "அமெரிக்க எஃப்டிஏ ஏற்றது" என்று ஒரு வரி. எஃப்டிஏ என்பது அங்கே உணவையும் மருந்தையும் கண்காணிக்கும் அரசு அமைப்பு. 2003-இல் அவர்கள் அனுமதித்தது பாஸ்பாடிடைல்செரின் பற்றிய வாசகத்தை, அதையும் சான்றுகள் மிகக் குறைவு, ஆரம்பக் கட்டத்தில்தான் இருக்கின்றன என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. அது செல் சவ்வில் இருக்கிற கொழுப்பு, இந்த டப்பாவில் அது ஒரு துளியும் கிடையாது.

லேபிளில் எனக்குப் பிடித்தது பட்டுக்கூட்டின் படம். 1865-இல் எமில் கிராமர் செரினை முதன்முதலில் பிரித்தெடுத்தது பட்டு நூலின் மேல் இருக்கிற செரிசின் என்ற பசையிலிருந்துதான், பெயரும் பட்டுக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. காஞ்சிபுரத்தில் நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் போக்குகிறார்களே, அதே பசை. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செரின். செரினின் ஓரத்தில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதி தண்ணீரோடு ஒட்டும் என்பதால்தான் பசை வெந்நீருக்கு இளகுகிறது. உடம்பிலும் அந்த ஓரம்தான் வேலைக்காரன்: புரதத்தை முடுக்கவும் நிறுத்தவும் பாஸ்பேட் வந்து உட்காருவது பெரும்பாலும் அங்கே, டிரிப்சின் என்ற செரிமான நொதி உணவுப் புரதத்தை வெட்டுவதும் அதை வைத்தே. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து நரம்பு நொதியில் போய்ப் பிடித்துக்கொள்வதும் இதே செரினைத்தான்.

சரி, பலன்? தினம் ஒரு ஸ்கூப், ஆறு வாரம், மறதியில் எந்த மாற்றமும் இல்லை. டாக்டரிடம் போனபோது ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், வைட்டமின் பி12 மிகக் குறைவு. அம்மா சைவம், பாலும் குறைத்துவிட்டார், முதலிலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். செரின் தன் கார்பன் ஒன்றை ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமினிடம் கொடுத்துத்தான் டிஎன்ஏ செய்ய உதவுகிறது, பி12 இல்லாவிட்டால் அந்த ஃபோலேட் வேறொரு வடிவத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி வராது. இந்தப் பக்கம் எத்தனை ஸ்கூப் செரின் போட்டாலும் அந்த அடைப்பு நீங்காது. இப்போது ஊசி போடுகிறோம்.

தூளுக்கு 4 நட்சத்திரம், லேபிளுக்கு 1. வீட்டில் யாருக்காவது மறதி என்றால் இதை ஆர்டர் செய்வதற்கு முன்னால் பி12-ம் தைராய்டும் பார்த்துவிடுங்கள். "அத்தியாவசிய" என்ற சொல்லையும் எஃப்டிஏ வரியையும் எடுக்கச் சொல்லி விற்பவர்களுக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.