பழைய வண்ணாரப்பேட்டை லாண்டரில போர்வை குடுத்த கதை, 5க்கு மூணரை ஸ்டார்

அக்கா பொண்ணுக்கு குழந்தை பொறந்திருக்கு, அம்மாவோட பழைய காட்டன் புடவை, எம்.சி. ரோட்ல வாங்கின பிட்டுத் துணி எல்லாம் சேத்து கையாலயே ஒரு போர்வை தைச்சேன், நாலு மாசம் ஆச்சு. துவைச்சு குடுக்கலாமா அப்படியே குடுக்கலாமான்னு ஒரே குழப்பம், துவைச்சா அந்தப் புதுசு மொடமொடப்பு போயிடும், துவைக்காம குடுத்து அவங்க வீட்டு பக்கெட்ல சாயம் எறங்கினா என் மானம் போயிடும், போதாக்குறைக்கு தைக்கறதுக்குப் போட்ட சாக்பீஸ் கோடு வேற.

எங்க வீட்ல போர் தண்ணி உப்பு. அதான் லாண்டரி. கடை அண்ணன் வாங்கின உடனே ஈர வெள்ளத் துணியால போர்வையில இருந்த செவப்பு பிட்டுத் துணிய தேச்சுப் பாத்தாரு, லேசா ரோஸ் ஒட்டுச்சு. "ஊற வெக்கக் கூடாதும்மா, பச்சத் தண்ணில தனியா அலசி நிழல்ல விரிக்கணும்"னாரு, அங்கயே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. ஆனா மூணு நாள்னு சொன்னது ஏழு நாளாச்சு, ஃபோனும் எடுக்கல.

சாயம் கலங்கல, தையல் ஓரம் லேசா சுருங்கி பஞ்சு மாதிரி ஆயிடுச்சு, சும்மா சொல்லக்கூடாது, முன்னவிட இதான் அழகு. மூலையில மட்டும் கறுப்பு மையில லாண்டரி குறி போட்டுட்டாங்க. அது மேல சின்னதா ஒரு பூ தைச்சு மறைச்சுட்டேன்.