மரபணு பார்த்து உணவு சொல்லும் கொலஸ்டிரால் பரிசோதனை: பெங்களூரில் கிடைக்கும் ஒரு சேவை பற்றி

பெங்களூரு இந்திராநகரில் இயங்கும் ஒரு தனியார் ஆய்வகம், இரத்தக் கொழுப்பு அளவுகளோடு மரபணுவையும் ஆராய்ந்து, அவரவர் உடலுக்கேற்ற உணவுத் திட்டம் தருவதாக விளம்பரம் செய்கிறது. கட்டணம் ஒருவருக்கு ரூ.11,500. அல்சூரில் வசிக்கும் நானும் என் மனைவியும் இச்சேவையைப் பெற்றோம். குறைகள் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருப்பதால் ஆய்வகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

மாதிரி எடுத்த விதத்தில் குறை இல்லை. வீட்டுக்கு வந்தவர் சொன்ன நேரத்துக்கு வந்தார், இரத்தம் எடுத்தார், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் குழாயில் அடைத்துக்கொண்டார். அதுவரை காப்பி குடிக்கக் கூடாது என்பதுதான் ஒரே தண்டனை.

அறிக்கை வழவழப்பான தாளில், பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்களோடு வந்தது. அதன் மரபணுப் பகுதியில் உருப்படியானது ஏ.பி.ஓ.இ. மரபணு பற்றிய பக்கம் மட்டுமே. கொழுப்பைச் சுமந்து செல்லும் துகள்களைக் கல்லீரல் இரத்தத்திலிருந்து அகற்றுவதற்கு உதவும் புரதத்தை இந்த மரபணு உருவாக்குகிறது. இதில் ஈ2, ஈ3, ஈ4 என மூன்று வகைகள் உண்டு. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக ஒவ்வொருவரிடமும் இரண்டு இருக்கும். பெரும்பாலோரிடம் காணப்படுவது ஈ3. ஈ4 உள்ளவர்களுக்குக் கெட்ட கொலஸ்டிரால் எனப்படும் எல்.டி.எல். சராசரியாகச் சற்றுக் கூடுதலாகவும், ஈ2 உள்ளவர்களுக்குக் குறைவாகவும் இருக்கும். ஆனால் ஈ2 இரண்டு பெற்றவர்களில் சிலருக்கு, உடற்பருமனோ நீரிழிவோ சேரும்போது, கொலஸ்டிராலும், டிரைகிளிசரைடு என்னும் இன்னொரு வகை இரத்தக் கொழுப்பும் ஒருசேரக் கடுமையாக ஏறிவிடுகின்றன. அதே மரபணு உள்ள மற்றவர்களுக்கு அப்படி நேர்வதில்லை. மரபணுவும் வாழ்க்கைமுறையும் கைகோத்து வேலை செய்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அறிக்கையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

எனக்கு ஈ3, ஈ4 என்றும், மனைவிக்கு இரண்டும் ஈ3 என்றும் முடிவு வந்தது. அப்படியானால் உணவுத் திட்டங்கள் வேறுபட வேண்டும் அல்லவா? இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்துப் பார்த்தோம். நெய்யின் அளவைச் சொல்லும் ஒரே வரியைத் தவிர, ஓட்ஸ் கஞ்சியிலிருந்து இரவு உணவு வரை எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன. நெய் போன்றவற்றில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பு எல்.டி.எல்.லை உயர்த்தும் என்பது எல்லோருக்கும் பொதுவான உண்மை. ஈ4 உள்ளவர்களுக்கு அது கூடுதலாக உயர்த்துமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 'உங்கள் மரபணுவுக்கே உரிய உணவு' என்ற விளம்பர வாசகத்தை அந்த ஒரு வரி நெய் தாங்காது.

மரபணுவின் கை உண்மையிலேயே ஓங்கியிருக்கும் இடங்களை இந்தத் தொகுப்பு தொடவே இல்லை. முதலாவது, குடும்பவழி மிகை கொலஸ்டிரால், அதாவது பரம்பரையாக எல்.டி.எல். மிக உயர்ந்திருக்கும் நிலை. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பெரும்பாலும் கல்லீரல் உயிரணுக்களின் எல்.டி.எல். ஏற்பியில், அதாவது இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளிழுக்கும் புரதத்தில், உள்ள பழுதே காரணம். அந்த ஏற்பியைக் கண்டறிந்ததை உள்ளடக்கிய பணிக்காகத்தான் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்களான பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்பழுதை உண்டாக்கும் மரபணு மாற்றங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை என்பதால், குறிப்பிட்ட சில புள்ளிகளை மட்டும் பார்க்கும் இதுபோன்ற சோதனையில் 'பச்சை' வந்தாலும் நிம்மதி அடைய முடியாது. எல்.டி.எல். டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராமைத் தாண்டி, குடும்பத்தில் இளவயது மாரடைப்பும் இருந்தால், நேராக மருத்துவரிடம் செல்வதே முறை. இரண்டாவது, லிப்போபுரோட்டீன் லிட்டில்-ஏ என்னும், எல்.டி.எல். போன்ற, மாரடைப்பு வாய்ப்பைக் கூட்டும் கொழுப்புத் துகள். இதன் அளவைப் பெரும்பாலும் பிறப்பே தீர்மானிக்கிறது, உணவால் அதிகம் அசையாது, தெற்காசியரிடம் இது கூடுதலாகக் காணப்படுவதும் தெரிந்ததே. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே பெரும்பாலும் போதும். இவ்வளவு கட்டணம் வாங்கும் தொகுப்பில் இது இல்லாததற்கு எனக்குக் காரணம் புரியவில்லை.

பணத்துக்கு ஈடாகக் கிடைத்தது உணவியல் ஆலோசகரின் நேரம்தான். ஒசூரைச் சேர்ந்த அந்தப் பெண்மணி அச்சிட்ட திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள், இரவில் சாதமா சப்பாத்தியா, மாலைக் காப்பியோடு என்ன சாப்பிடுவீர்கள் என்று தமிழிலேயே துருவித் துருவிக் கேட்டார். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு என்பதால் தாளிப்பதற்குக் கடலை எண்ணெய்க்கு மாறச் சொன்னார். என் டிரைகிளிசரைடு 212 ஆக இருந்ததற்கு எண்ணெயைவிட இரவுச் சாதத்தின் அளவும், அலுவலகத்தில் மாலைதோறும் கொறிக்கும் பிஸ்கட்டுமே முதல் காரணம் என்றும், அது எல்.டி.எல்.லைவிட விரைவாக இறங்கும் என்றும் சொன்னார். சில மாதங்கள் கழித்து வேறோர் ஆய்வகத்தில் பார்த்தபோது டிரைகிளிசரைடு 148 ஆகியிருந்தது, எல்.டி.எல். 146இலிருந்து 137க்கு மட்டுமே வந்திருந்தது. அவர் சொன்னபடிதான் நடந்திருக்கிறது. இதற்குக் கன்னத்தைத் தேய்த்திருக்க வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் உண்டு. ஏ.பி.ஓ.இ. ஈ4 கொலஸ்டிராலோடு நிற்பதில்லை; முதுமையில் நினைவாற்றலை அழிக்கும் அல்சைமர் நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவதாகவும் அறியப்பட்டது. கொழுப்பைப் பார்க்க வந்தவரிடம் இதைத் தெரிந்துகொள்ளச் சம்மதமா என்று முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். எழுதிக் கேட்டதற்கு, ஒப்புதல் படிவத்தில் இருக்கிறது என்று பதில் வந்தது. எடுத்துப் பார்த்தேன்: 'பிற உடல்நலத் தகவல்களும் வெளிப்படலாம்' என்று ஆறாம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது.