திருப்பி மாட்ட லென்ஸ் வாங்கி நான் ஏமாந்த கதை

மீன்தொட்டிக் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாகத் துள்ளித் துள்ளிப் போகுமே சைக்ளாப்ஸ் என்கிற நுண்ணிய நீர் உயிரி, அதைப் படம் எடுக்க ரொம்ப நாளாக ஆசை. சின்னப் பொருளைப் பக்கத்திலிருந்து பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்குகிற வசதி இல்லை. சாதாரண 50 எம்எம் லென்ஸையே முன்பின்னாகத் திருப்பிக் கேமராவில் மாட்டி மேக்ரோ மாதிரி எடுக்கலாம் என்று தெரிந்ததும் பழைய லென்ஸ் தேட ஆரம்பித்தேன்.

ஆன்லைனில் ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார். நிக்கான் 50 எம்எம் எஃப்/1.8 டி, கூடவே லென்ஸைத் திருப்பி மாட்ட உதவும் ரிவர்ஸ் ரிங். 'இதே லென்ஸில் எடுத்தது' என்று ஒரு படமும் இருந்தது: இரண்டு பக்கமும் முட்டைப் பை தொங்க, நடுவில் ஒற்றைக் கண்ணோடு, ஃபிரேம் முழுக்க ஒரே ஒரு சைக்ளாப்ஸ். அந்தப் படத்தில்தான் விழுந்தேன். பணத்தை நேராக அவர் வங்கிக் கணக்குக்கே அனுப்பிவிட்டேன். முதல் முட்டாள்தனம் அது.

பார்சலில் வந்தது டி இல்லை, ஜி. எழுத்து ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். டி லென்ஸில், வெளிச்சம் புகும் துளையை (அப்பர்ச்சர்) பெரிதாக்கிச் சிறிதாக்கும் வளையம் உண்டு. திருப்பி மாட்டினாலும் கையாலேயே எஃப்/4, எஃப்/8 என்று மாற்றலாம். ஜி-யில் வளையமே கிடையாது. கேமராவிலிருந்து கழற்றியதும் அப்பர்ச்சர் ஊசித் துளை மாதிரி சுருங்கிக்கொள்ளும், வியூஃபைண்டரில் ஒரே இருட்டு. பின்பக்கத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலை நகர்த்திப் பிடித்தால்தான் திறக்கும். போதாததற்கு, அவர் அனுப்பிய ரிங் 52 எம்எம் மரை. ஜி லென்ஸின் முன்பக்கம் 58. ரிங் உள்ளேயே ஆடுகிறது.

கேட்டதற்கு, "கையால பிடிச்சுக்கிட்டு எடுங்க சார், எல்லாரும் அப்படித்தான் எடுக்குறாங்க" என்றார். சரி, நெம்புகோலில் காகிதத்தை மடித்துச் செருகி, லென்ஸைக் கையில் பிடித்தே எடுத்தேன். எல்லாப் படத்திலும் பால் ஊற்றினாற்போல ஒரு மங்கல். டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் வழியாகப் பார்த்தால், உள் கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை.

அப்புறம்தான் அந்தச் சாம்பிள் படத்துக்குக் கணக்குப் போட்டேன். 50 எம்எம் லென்ஸைத் திருப்பினால் உருவம் சென்சாரில் ஏறக்குறைய அசல் அளவிலேயே விழும். சைக்ளாப்ஸ் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். என் கேமரா சென்சாரின் அகலம் 23.5 மில்லிமீட்டர். அதாவது ஃபிரேமில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்குதான் வரும். 6000 பிக்சல் படத்தில் 400-க்கும் கீழே. ஃபிரேம் நிறைய வேண்டுமானால் மைக்ராஸ்கோப்தான். பணம் அனுப்பும் முன்பே இதைப் போட்டுப் பார்த்திருக்கலாம், என்ன செய்ய.

பூஞ்சையைப் படம் எடுத்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பதில் வந்தது பாருங்கள்: "லென்ஸைத் திருப்பிப் பிடிச்சு யூஸ் பண்ணியிருக்கீங்க சார். அப்படிப் பண்ணினா ரிட்டர்ன் கிடையாது." திருப்பி மாட்டுவதற்கென்றே விற்ற ஆள்! அதோடு என் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்.

வாங்கப் போகிறவர்கள் பணம் அனுப்பும் முன்னால் ஒரு வீடியோ கேளுங்கள். அப்பர்ச்சர் வளையத்தைத் திருகத் திருக உள்ளே இதழ்கள் விரிந்து சுருங்குவது தெரிய வேண்டும், டார்ச் வெளிச்சம் லென்ஸுக்குள் ஊடுருவுவதும் தெரிய வேண்டும். மரை அளவு லென்ஸின் முன்விளிம்பிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும், ரிங்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் எந்த விளம்பரத்திலும் சொல்ல மாட்டார்கள்: திருப்பிய லென்ஸ் சைக்ளாப்ஸுக்கு ரொம்பப் பக்கத்தில் போனால்தான் ஃபோகஸ் ஆகும். தொட்டியின் முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் நீந்துவதைத்தான் எடுக்க முடியும்.

நேற்று நண்பரின் கணக்கில் போய்ப் பார்த்தேன். விளம்பரம் இன்னும் இருக்கிறது. இப்போது விற்பது 28 எம்எம். கீழே 'இதே லென்ஸில் எடுத்தது' என்று அதே சைக்ளாப்ஸ்.