எடைமேடைக்குச் செம்புக் கேபிளா, ஃபைபரா?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ரைஸ் மில்லில் ஆபீசிலிருந்து எடைமேடை 80 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே ஒரு பில் கம்ப்யூட்டர், நாலு கேமரா. நாலு வருடம் கேட் 6 என்ற செம்பு நெட்வொர்க் கேபிளில் ஓட்டினேன். போன புரட்டாசியில் ஃபைபருக்கு, அதாவது ஒளியில் தகவல் அனுப்பும் கண்ணாடி இழைக்கு, மாறினேன்.

வேகத்தில் இரண்டும் ஒன்றுதான். 100 மீட்டருக்குள் நல்ல கேட் 6 முழு ஜிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) தரும். இழையின் இரண்டு முனையிலும் ஒளியை மின் சிக்னலாகவும், மின் சிக்னலை ஒளியாகவும் மாற்ற நான் வாங்கிய மீடியா கன்வர்ட்டரும் ஜிகாபிட்தான். கேபிளே இல்லாமல் ரேடியோவில் இணைக்கும் வயர்லெஸ் பிரிட்ஜும் உண்டு. நடுவில் தென்னை நிற்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

வித்தியாசம் ஐப்பசி மழையில்தான் தெரியும். ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஈரம் ஏறி, ஜாக்கில் பச்சை பூத்து ஒரு ஜோடி கெட்டால் பல சமயம் லைன் அறுந்துபோகாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். ஆறு நிமிடத்தில் வந்த 40 ஜிபி கேமரா பதிவு ஒரு மணி நேரம் இழுக்கும். நான் கம்ப்யூட்டரைத் திட்டி, ஹார்ட் டிஸ்கையே மாற்றினேன். சுவிட்சில் பச்சை விளக்கு மஞ்சளாக மாறியிருந்ததைப் பார்த்திருந்தால் காசு மிச்சம்.

அப்புறம் இடி. மில் மேலேயே விழ வேண்டியதில்லை. பக்கத்து வயலில் விழுந்தாலும் நீளமான செம்புக் கம்பியில் மின்னழுத்தம் ஏறும். இரண்டு மழைக்காலத்தில் கேபிள் செருகும் மூன்று போர்ட் கருகின. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் வெளியில் இழுக்கும் டிராப் கேபிளில், தாங்குவதற்காக இழையோடு ஒட்டிய இரும்புக் கம்பி ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்திவிட வேண்டும்.

ஃபைபரின் தலைவலி வேறு மாதிரி. ஒற்றை இழைக் கன்வர்ட்டர் ஏ, பி என்று ஜோடியாக வரும். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பும், மற்றது 1550-இல். கடையில் இரண்டுமே ஏ கொடுத்துவிட்டார்கள். அரை நாள் லிங்க் விளக்கே எரியவில்லை. இழை அறுந்தால் கிரிம்பிங் பிளையரோடு நாமே உட்கார முடியாது. ஒரு தடவை அணில் கடித்து, கேபிள்காரர் இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு வரும்வரை எடைச்சீட்டைக் கையால் எழுதினோம்.

கன்வர்ட்டர் எத்தனை வருடம் உழைக்கும் என்பதற்கு என் ஒரு மழைக்கால அனுபவம் போதாது. கரண்ட் லைன் வழியாக வரும் சர்ஜையும் (திடீரென ஏறும் மின்னழுத்தம்) ஃபைபர் தடுக்காது, அதற்கு எர்த்திங்தான். ஆனாலும் இந்த மழையில் ஒரு போர்ட்கூடப் போகவில்லை. பழைய கேட் 6-ஐ, பச்சை பூத்த நுனியை வெட்டிவிட்டு, ஆபீஸ் பிரிண்டருக்குப் போட்டிருக்கிறேன்.