குன்னூரில் பெரிய டீ கப்: தெர்மாகோலா, சிமென்ட்டா, ஃபைபரா?

கடை வாசலில் இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஒரு டீ கப், இல்லை ஒரு கேரட், ஒரு வர்க்கி. நீலகிரியில் இப்படி ஒன்று வைக்க நினைக்கிறவர்கள் எடுத்த உடனே விலையைத்தான் கேட்கிறார்கள். அது எந்த மாதங்களில் வெளியே நிற்கப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கோவையில் நன்றாக நிற்கும் வேலை இங்கே ஒரு மழைக்காலத்திலேயே பல்லிளித்துவிடும்.

தெர்மாகோலை நான் ஒதுக்க மாட்டேன். சூடான கம்பியால் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் உருவம் வருகிற வேகத்துக்கு வேறெதுவும் ஈடில்லை. மே மாதக் கோடை விழா முடியும்வரை நின்றால் போதும் என்றால் இதுவே சரி. ஆனால் அதன்மேல் ஃபைபர் வேலைக்கு ஊற்றும் பிசினான சாதாரண பாலியஸ்டர் ரெசினை நேரடியாகத் தடவக் கூடாது. ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். எபாக்ஸி ரெசின் கரைக்காது, காசுதான் கூட. பூச்சில் ஒரு விரிசல் விழுந்தால் போதும், உள்ளே எறும்பு குடியேறும், குரங்கு பிய்க்க ஆரம்பிக்கும். உதிரும் வெள்ளை மணிகள் மழைத் தண்ணீரோடு ஓடைக்குப் போகும். பிளாஸ்டிக்கை விரட்ட இத்தனை வருடமாகப் பாடுபடும் மாவட்டத்தில், தெரிந்தே அதை ஒரு வருடம் வெளியே விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. சீக்கிரம் தீப்பிடிக்கும் பொருள் என்பதையும் மறக்கக் கூடாது.

காற்றடைத்த பெரிய பலூன் பொம்மை திறப்பு விழாவுக்கு மட்டும். புளோயர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் படுத்துவிடும்.

கம்பி வலை கட்டி சிமென்ட் பூசுவது நம் ஊர்க் கொத்தனார்களுக்குக் கைவந்த கலை. கோயில் கோபுரச் சுதை வேலை தெரிந்தவர் கிடைத்தால் கப்பின் காது வளைவுகூட அழகாக வரும். தீ, குரங்கு எதற்கும் அசையாது. எடைதான் பிரச்சினை. 25 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசினால் சதுர மீட்டருக்கு 60 கிலோ வரும். இரண்டு மீட்டர் விட்டம், இரண்டு மீட்டர் உயரம் உள்ள கப்பின் சுற்றுச்சுவர் மட்டும் ஏறத்தாழ 750 கிலோ. ஃபைபரில், அதாவது கண்ணாடி இழையில் ரெசின் ஊற்றி வார்ப்பதில், நான்கு மில்லிமீட்டர் கனத்துக்கு அதே சுவர் 75 கிலோதான். சொந்த நிலம், கெட்டித் தரை, இடம் மாற்றும் எண்ணமே இல்லை என்றால் சிமென்ட் போடுங்கள். மொட்டை மாடியிலும், சரிவில் மண் கொட்டி மேடாக்கிய இடத்திலும் வேண்டவே வேண்டாம்.

வருடக்கணக்கில் நிற்க வேண்டும் என்றால் என் ஓட்டு ஃபைபருக்கு. ஆனால் வார்க்கும் வேலையைக் கீழே சமவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். ரெசின் இறுகச் சூடு வேண்டும். 15 டிகிரிக்குக் கீழே போனால் வேலை இழுத்தடிக்கும், மேற்பரப்பு பிசுபிசுவென்றே நிற்கும். டிசம்பர், ஜனவரியில் உதகையில் புல்லெல்லாம் உறைபனி. அந்தக் குளிரில் சீக்கிரம் இறுகட்டும் என்று, ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டை அள்ளி ஊற்றினாலும் தரம் கெடும். இன்னொன்று, இறுகலை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், தீப்பிடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். மேட்டுப்பாளையம் வெயிலில் இதே வேலை ஒழுங்காக முடிந்துவிடும்.

முழுதாக ஏற்றிக்கொண்டு வர முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பர்லியார் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே பஸ் வந்தால் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் காது உடைவது நிச்சயம். நான்கு துண்டாக வார்த்து, ஓரங்களில் உள்பக்கமாக விளிம்பு விட்டு, மேலே வந்து போல்ட் போட்டு இணைப்பதுதான் வழி. மேல் பெயின்டில் கஞ்சத்தனம் கூடாது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது. உதகை 2,240 மீட்டரில் இருக்கிறது. மூடுபனி ஊர் என்பதால் நிறம் மங்காது என்று நினைக்க வேண்டாம். காருக்கு அடிக்கிற பியூ (பாலியூரிதேன்) கிளியர் பூச்சை அடிக்கச் சொல்லுங்கள்.

கப்பின் வாயைத் திறந்து விடாதீர்கள். இரண்டு மீட்டர் வாய் என்றால் 3.14 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவமழையில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் 314 லிட்டர், அதாவது 314 கிலோ, 75 கிலோ சுவருக்குள் வந்து உட்காரும். டீ நிறத்தில் நடுவே மேடான மூடி போட்டால் பார்க்கவும் நிரம்பிய கப்பாக இருக்கும், தண்ணீரும் வழிந்தோடும். அடியில் மிகத் தாழ்ந்த இடத்தில் விரல் நுழையும் அளவு ஓட்டை வேண்டும். மூடி போட்டாலும் குளிரில் உள்ளே வியர்த்து நீர் கோக்கும். வெளியே பளபளவென்று நிற்கும்போதே உள்ளே தாங்கி நிற்கும் இரும்புச் சட்டம் துருவேறும். அந்த எலும்புக்கூட்டுக்குத் துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் போட்டு, வெல்டிங் அடித்த இடங்களில் மட்டும் துத்தநாக பெயின்ட் அடியுங்கள்.

எந்தப் பொருளில் செய்தாலும் காற்றுக்கு விலக்கில்லை. வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் விழுந்தது வெறும் பேனர்தான். அதில் ஓர் இளம்பெண்ணின் உயிர் போனது. நம் சாலைகளில் வளைவில் திரும்பும் பைக்காரர் ஒதுங்க இடமே இருக்காது. அதனால் உள்ளாட்சி அனுமதி வாங்கி, வளைவிலிருந்து தள்ளி வையுங்கள். பருவமழைக்கு முன்பாக, கூடலூர் பக்கம் என்றால் மே கடைசியிலும், குன்னூர், கோத்தகிரி என்றால் செப்டம்பர் கடைசியிலும் போல்ட்டுகளை இறுக்க ஆள் வர வேண்டும். அந்தச் செலவையும் முதல் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.