போனா, கையடக்க கேம் கருவியா: சூடேறிய பிறகு பார்க்கலாம்

பெட்டியில் அச்சிட்ட எண்களை மட்டும் பார்த்தால் போன்தான் ஜெயிக்கும். இன்றைய உயர்நிலை போன்களின் சிப், 2017-இல் வந்த கையடக்க கேம் கருவியான நின்டெண்டோ ஸ்விட்சின் டெக்ரா எக்ஸ்1 சிப்பை எளிதாக மிஞ்சுகிறது. 2023-இல் ஐபோன் 15 ப்ரோவுக்கு ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் போன்ற கன்சோல் கேமே வந்துவிட்டது. ஆனால் அந்த வேகம் எத்தனை நிமிடம் தாங்கும்? அங்கேதான் இரண்டும் பிரிகின்றன.

ஒருசில கேமிங் மாடல்களை விட்டால் போனுக்குள் விசிறி கிடையாது. சிப்பின் சூடு உள்ளே பரவி, முதுகுப்பக்கம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த முதுகைப் பிடித்திருப்பது நம் கை. அதனால் கை பொறுக்காத அளவுக்குச் சூடு போகுமுன் போன் தானாகவே சிப்பின் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் திரை வெளிச்சமும் மங்கும். நீண்ட நேர ஆட்டத்தில் ஒரு போன் தாக்குப்பிடிப்பது ஏறக்குறைய 5 வாட் அளவில்தான். பிசி கேம் ஆடும் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கில் சிப் மட்டுமே 15 வாட் வரை எடுக்கலாம். பின்பக்கத் துளையில் காற்றை இழுத்து மேல்விளிம்பு வழியாக விசிறி சூட்டை ஊதித் தள்ளிவிடும். (படுக்கையில் தலையணைமேல் சாய்த்து வைத்து ஆடினால் அந்தப் பின்துளை அடைபடும். விசிறி அலறுவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.)

கையிலிருக்கும் போனைச் சோதிக்க 3டிமார்க் செயலியின் வைல்ட் லைஃப் எக்ஸ்ட்ரீம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் போதும். ஒரே காட்சி 20 முறை, மொத்தம் 20 நிமிடம் ஓடும். முடிவில் வரும் நிலைத்தன்மை சதவீதத்தைப் பாருங்கள். 60% என்றால், மிகச் சிறந்த சுற்றின் மதிப்பெண்ணில் 60 சதவீதம்தான் மிக மோசமான சுற்றில் கிடைத்தது என்று பொருள். விமர்சனங்களில் முதல் சுற்று மதிப்பெண்ணை மட்டும் போடுவது கேம் ஆடுபவருக்கு எந்த உபயோகமும் இல்லாத தகவல்.

சூட்டைக் குறைக்க முதலில் உறையைக் கழற்றுங்கள். பிறகு கேமின் அமைப்பில் நொடிக்கு 120 பிரேமை (படச்சட்டத்தை) விட்டு 60-க்கு இறங்கி, நிழல் தரத்தைக் குறையுங்கள். சார்ஜ் போட்டபடி ஆடுவதுதான் பெரிய கெடுதல்: சிப்பின் சூடும் பேட்டரி சார்ஜ் ஆகும் சூடும் சேர்ந்துகொள்ளும், பேட்டரியின் ஆயுளும் குறையும். பைபாஸ் சார்ஜிங் உள்ள போனில் மின்சாரம் பேட்டரியைத் தொடாமல் நேராகச் சர்க்யூட்டுக்குப் போகும்; இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். மின்சாரத்தால் குளிரும் தகடு கொண்ட, முதுகில் மாட்டும் பெல்டியர் கூலர் நன்றாகவே குளிர்விக்கும், ஆனால் ஈரப்பதம் மிகுந்த காற்றில் நீர் கோத்துக்கொள்ளும்.

பேட்டரி விஷயத்தில் பலரும் எதிர்பார்ப்பது தலைகீழாகிறது. 5000 எம்ஏஎச் போன் பேட்டரி சுமார் 19 வாட்-மணி (பேட்டரியில் அடங்கும் ஆற்றலின் அளவு). முதல் ஸ்டீம் டெக்கில் 40, ஓஎல்இடி மாடலில் 50. இருந்தும் கனமான பிசி கேமில் முதல் டெக் இரண்டு மணி நேரத்தை எட்டுவதே கஷ்டம், ஏனென்றால் சிப், திரை, விசிறி எல்லாம் சேர்ந்து 20 வாட்டைத் தாண்டிவிடும். அந்த முதல் டெக்கில் திரையின் புதுப்பிப்பு வேகத்தை நொடிக்கு 40-க்கு வைத்துப் பிரேமையும் 40-இல் கட்டினால் ஒரு பிரேமுக்கு 25 மில்லிவிநாடி. அது 30 பிரேமுக்கான நேரத்துக்கும் 60 பிரேமுக்கான நேரத்துக்கும் சரியான நடு. கண்ணுக்கு உறுத்தாது, பேட்டரியும் நன்றாக மிஞ்சும்.

கட்டுப்பாட்டில் போனின் குறை தெளிவானது. கட்டைவிரல் திரையை மறைக்கும், விரல் பட்டனைவிட்டு நழுவினாலும் தொடு உணர்வு சொல்லித்தராது. குறி பார்ப்பதற்கு மட்டும், போனைச் சாய்த்துத் திருப்பிக் குறிபார்க்கும் கைரோவைப் பழகிக்கொண்டவர், கட்டைவிரலால் தள்ளும் சாதாரண ஸ்டிக்கை விடத் துல்லியமாகச் சுடுவார். போனை நடுவில் செருகும் கன்ட்ரோலர் வாங்கினால் யுஎஸ்பி-சி செருகு உள்ளதாக எடுங்கள். புளூடூத்தைவிடத் தாமதம் குறைவு. பெரிதாகப் புடைத்த கேமரா உள்ள போன் சிலவற்றில் கோணலாக உட்காரும், அப்போது செருகின்மேல் பாரம் விழும். பட்டனைத் தொடுதலாக மாற்றித்தரும் வெளிச்செயலிகளைப் போட்டி கேம்களில் பயன்படுத்தினால் கணக்கே முடங்கலாம். கால் ஆஃப் டியூட்டி மொபைல் கன்ட்ரோலரை நேரடியாக ஏற்கிறது, ஆட்டத்தில் மற்ற கன்ட்ரோலர்காரர்களோடுதான் சேர்த்தும் விடுகிறது.

தனிக்கருவிக்கும் நோய் உண்டு: ஸ்டிக் டிரிஃப்ட். பல ஸ்டிக்குகளின் உள்ளே இருக்கும் கார்பன் தடம் தேய்ந்ததும், தொடாமலே பாத்திரம் நகரத் தொடங்கும். காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் இந்தத் தேய்மானம் இல்லை. பழைய கருவி வாங்கும்போது அமைப்புகளில் ஸ்டிக் சோதனைத் திரையைத் திறந்து, விரலை எடுத்ததும் புள்ளி நடுவுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

இத்தனைக்கும் மேலே, வாங்குமுன் ஆடப்போகும் கேம்களின் பட்டியலை எழுதிப்பாருங்கள். ஃப்ரீ ஃபயரும் பப்ஜி மொபைலும்தான் உங்கள் ஆட்டமென்றால் டெக் வீண்செலவு. மாறாக, ஐம்பது மணி நேரக் கதை கேம் என்றால் டெக்கோ ஸ்விட்சோதான் சரி: பவர் பட்டனைத் தட்டினால் அந்த இடத்திலேயே உறங்கி, விட்ட நொடியிலிருந்து எழும். போனோ நினைவகம் நெருக்கினால் பின்னணியில் இருக்கும் கேமைக் கொன்றுவிடும். பிசி கேம் எல்லாமே டெக்கில் ஓடும் என்று நம்பிவிட வேண்டாம். அது விண்டோஸ் அல்ல, லினக்ஸ் இயங்குதளம் என்பதால் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் காரணமாக வேலரன்ட், ஃபோர்ட்நைட் போன்றவை நேரடியாக ஓடாது. ஸ்டீம் கடையில் அந்தந்த கேமுக்கு டெக் சரிபார்ப்புக் குறி இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.