நார்கண்டா: முதன்முறை பனிச்சறுக்கப் போகிறவர்களுக்கு

சிம்லாவிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 5இல் 60 கிலோமீட்டர் சொச்சம். உயரம் சுமார் 2,700 மீட்டர். ஸ்கீயை (பனியில் சறுக்கும் நீளப் பலகையை) முதன்முறை காலில் மாட்டுகிறவருக்கு நார்கண்டா மிக நல்ல இடம். நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர் காஷ்மீரின் குல்மார்குக்கே போகலாம். அங்குள்ளது போன்ற கோண்டோலா (ஆட்களை மேலே ஏற்றிச் செல்லும் கம்பிவடப் பெட்டி) இங்கே கிடையாது, சரிவுகளும் சிறியவை. இறங்கிய தூரத்தைப் பெரும்பாலும் ஸ்கீயைத் தோளில் சுமந்து நடந்தே ஏற வேண்டும்.

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிவரை போங்கள். டிசம்பர் பனி மெல்லியது. அடியிலிருக்கும் கல்லும் புல்லும் ஸ்கீயைப் பிடித்து நிறுத்திவிடும், ஆள் முன்னால் விழுவார். பனி சரியாக விழாத ஆண்டுகளும் உண்டு. அறைக்கு முன்பணம் கட்டுமுன், ஊரில் அல்ல, சரிவில் எத்தனை அடி பனி கிடக்கிறது என்று கேளுங்கள்.

ஸ்கீ, பூட்ஸ், போல் (கையில் பிடிக்கும் ஊன்றுகோல்) மூன்றும் வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸுக்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். காலுறை ஒரு ஜோடி போதும். இரண்டு போட்டால் கால் இறுகி ரத்த ஓட்டம் குறையும், இன்னும் சில்லிடும். நிமிர்ந்து நிற்கையில் விரல்நுனி முன்னால் லேசாக உரச வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். குதிகால் மேலெழும்பினால் அளவு பெரிது. ஸ்கீ மோவாய் உயரம் இருந்தால் திருப்புவது எளிது. பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங்கை உங்கள் எடைக்கேற்ப வைத்துத் தரச் சொல்லுங்கள். அதிகம் இறுக்கினால் விழும்போது ஸ்கீ கழலாமல் முழங்கால் திருகிக்கொள்ளும். பூட்ஸ் அடியில் ஒட்டிய பனியைப் போலால் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் குதிகால் பூட்டாது.

ஆப்பிள் பார்க்க ஆசைப்பட்டு இதே பயணத்தில் வந்தால் மொட்டைக் கிளைகள்தான் மிஞ்சும். பூ ஏப்ரலில், பறிப்பு ஆகஸ்ட், செப்டம்பரில். அப்போது பக்கத்துக் கோட்கட், தானேதார் பக்கம் போங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் டெலிஷஸ் ரக ஆப்பிளை வேரூன்ற வைத்த மண் அது. அந்த ரகத்துக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே சுமார் 1,000 மணி நேரமாவது கிடைக்க வேண்டும். கிடைக்காத ஆண்டில் மொட்டு ஒரே சீராக விரியாது, காய்ப்பும் குறையும். சறுக்க வருகிறவருக்கு விடுமுறை வீணாகும் அதே வறண்ட குளிர்காலம், தோட்டக்காரருக்கு ஒரு வருட வருமானத்தையே தின்றுவிடும். பனி மூடிய தோட்டத்துக்குள் தயவுசெய்து சறுக்காதீர்கள். அடியில் இளங்கன்றுகள் புதைந்திருக்கும், ஸ்கீயின் விளிம்பு அவற்றைச் சீவிவிடும்.

சுமார் 3,400 மீட்டர் உயர ஹாட்டு சிகரத்துக்குப் போகும் சாலை குளிர்காலத்தில் பனியால் அடைபடும். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். சிம்லாவுக்குத் திரும்புவதைக் காலை பத்து மணிக்கு மேல் வையுங்கள். பகலில் உருகிய நீர் இரவில் சாலையில் உறைந்து, நிழல் விழும் வளைவுகளில் கண்ணுக்கே தெரியாத கண்ணாடிபோல் கிடக்கும்.